மருந்து ஜாடியில் ஐரிஸ் மலர்கள்

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் உள்ள உஃபிஸி கலைக்கூடத்தில் ‘போர்ட்டினாரி’ பலிபீட ஓவியம் இருக்கிறது. மூன்று மரப்பலகைகளை இணைத்துத் தீட்டிய ஓவியம். விரித்து வைத்தால் ஏறத்தாழ ஆறு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம். நடுப்பலகையில் குழந்தை இயேசு வெறுந்தரையில் கிடக்கிறார். தொட்டில் இல்லை, துணிகூட இல்லை. சுற்றிலும் மரியாள், யோசேப்பு, வானதூதர்கள். வலப்பக்கம், ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்காத மூன்று இடையர்கள். இத்தனை பேர் இருக்கும் ஓவியத்தில் பார்ப்பவருக்கு மிக அருகில், அடிவிளிம்பில் நிற்பவை இரண்டு பூச்சாடிகள்தான்.

ஒன்று, நீலமும் பொன்னிறமுமாகத் திராட்சை இலைகள் வரைந்த பீங்கான் ஜாடி. அதில் செம்மஞ்சள் லில்லியும் வெள்ளை, நீல ஐரிஸ் மலர்களும் இருக்கின்றன. இன்னொன்று சாதாரணக் கண்ணாடிக் குவளை. அதில் மூன்று சிவப்புக் கார்னேஷன்களும் ஊதா நிறக் கொலம்பைன் பூக்களும். இரண்டையும் சுற்றித் தரையில் சில வயலட் பூக்கள் சிதறிக் கிடக்கின்றன. பின்னால் ஒரு கோதுமைக் கட்டு.

இந்த அடிவிளிம்பை மட்டும் எடுத்து, ஆறு பேர் அமரும் ஒரு மேசைக்கு மலர் அமைப்பாக்க வேண்டும் என்பதே சென்ற பருவத்தில் எங்கள் குழு எடுத்துக்கொண்ட வேலை. பாடத்தின் நிபந்தனைகள் மூன்று. மறுமலர்ச்சிக் கால ஓவியம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செலவு 150 வெள்ளியைத் தாண்டக்கூடாது. அமைப்பு வகுப்பறைக்குள் அல்லாமல் உண்மையான ஒரு நிகழ்ச்சியில் இடம்பெற வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு தாதிமை இல்லத்தில் பராமரிப்பாளர்களுக்காக நடந்த சனிக்கிழமை தேநீர் விருந்து. கணவரையோ மனைவியையோ தாயையோ அங்கு விட்டுவிட்டு நாள்தோறும் வந்து பார்த்துப் போகிறவர்களுக்கான விருந்து.

மற்ற குழுக்களில் பெரும்பாலோர் போட்டிச்செல்லியின் ‘வசந்தம்’ ஓவியத்தை எடுத்துக்கொண்டனர். வியப்பில்லை. அதில் 130க்கும் மேற்பட்ட தாவர வகைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். பூவுக்குப் பஞ்சமே இல்லை. நாங்கள் போர்ட்டினாரி ஓவியத்துக்குப் போனதற்குக் காரணம் அந்தப் பீங்கான் ஜாடி. அது பூச்சாடியே அல்ல. ‘அல்பரெல்லோ’ எனப்படும் மருந்து ஜாடி. அக்காலத்து மருந்துக் கடைகளில் மூலிகைகளையும் களிம்புகளையும் போட்டு, வாயைத் தோலாலோ துணியாலோ கட்டி, அலமாரியில் வரிசையாக வைத்திருப்பார்கள். நெருக்கமாக நிற்கும் ஜாடிகளில் ஒன்றை மட்டும் கையால் பிடித்து எடுக்க வசதியாக இடுப்புப் பகுதி சற்றுக் குறுகியிருக்கும்.

பலிபீட ஓவியத்தில் மருந்து ஜாடிக்கு என்ன வேலை? ஓவியம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தால் விளங்கும். ஃபுளோரன்ஸின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையை 1288ல் நிறுவியவர் ஃபோல்கோ போர்ட்டினாரி. கவிஞர் டாண்டேயின் பியாட்ரிசுக்குத் தந்தை அவர். சுமார் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய வழித்தோன்றலான தொம்மாசோ, மெடிச்சி குடும்பத்து வங்கியின் புரூஜ் கிளையை நடத்திவந்தார். (கொடுக்கக்கூடாத கடனைக் கொடுத்து அந்தக் கிளையை முடக்கியவரும் அவரே. அது வேறு கதை.) குடும்ப மருத்துவமனையின் தேவாலயத்துக்கென்று இந்த ஓவியத்தை அவர் வரையச் சொன்னது கெண்ட் நகரத்து ஓவியர் ஹியூகோ வான் டெர் கூஸிடம். 1470களில் தீட்டப்பட்ட ஓவியம் கப்பலேறி, சிசிலி வழியாகப் பீசா வந்து, ஆர்னோ ஆற்றின் வழியே 1483ல் ஃபுளோரன்ஸை அடைந்தது. நகர வாயிலிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல 16 சுமைதூக்கிகள் தேவைப்பட்டார்களாம். ஓவியர் அதைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே, பிரசல்ஸுக்கு அருகில் ஒரு மடத்தில், மனநோயால் அவதிப்பட்டு அவர் இறந்துபோனார்.

நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களும் வழிபட்ட இடத்தில், ஓவியத்தின் முன்னணியில் ஒரு மருந்து ஜாடி. அந்த மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. தாதிமை இல்லத்துத் தேநீர் மேசைக்கு இதைவிடப் பொருத்தமான ஓவியம் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால், எங்கள் குழுவில் இருந்த கத்தோலிக்கத் தோழி முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார். “இந்தப் பூக்கள் எதைச் சொல்கின்றன என்று தெரிந்துதான் மேசையில் வைக்கப் போகிறோமா?”

தெரிந்துகொண்டோம். ஒவ்வொன்றும் துயரத்தைச் சொல்கிறது. ஐரிஸின் இலை வாள்போல் இருப்பதால், தாய் மரியாளின் நெஞ்சை ஊடுருவப் போகும் வாளுக்கு அது அடையாளம். செம்மஞ்சள் லில்லி இயேசுவின் பாடுகளுக்கு. மூன்று கார்னேஷன்கள், சிலுவையில் அறையப்போகும் மூன்று ஆணிகள். ஜெர்மன் மொழியில் கார்னேஷனுக்கு ‘நெல்கெ’ என்று பெயர். சிறு ஆணி என்ற சொல்லிலிருந்து வந்தது. கிராம்புக்கும் அதே பெயர்தான். கிராம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஆணிதான். கொலம்பைன் மரியாளின் துயரங்களுக்கு. தரையில் கிடக்கும் வயலட் பணிவுக்கு. கோதுமைக் கட்டு மட்டுமே கொஞ்சம் ஆறுதல். பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் ‘அப்ப வீடு’ என்று பொருள். பிறந்த குழந்தைக்கு முன்னால், அந்தக் குழந்தை எப்படிச் சாகும் என்பதைப் பூக்களால் எழுதி வைத்திருக்கிறார் ஓவியர்.

இதைப் போய், நோயாளிகளின் குடும்பத்தார் தேநீர் குடிக்கும் மேசையில் வைப்பதா? இதற்காக இரண்டு மாலைப்பொழுதுகள் வாதிட்டோம். ‘வசந்தம்’ ஓவியத்துக்கே மாறிவிடலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். கடைசியில் அந்தத் தோழியே ஒரு முடிவு சொன்னார். மேசை அட்டையில் ஓவியத்தின் பெயரும் பூக்களின் பெயர்களும் மட்டும் இருக்கட்டும், பொருளை எழுதவேண்டாம், கேட்பவரிடம் மறைக்கவும் வேண்டாம். “அங்கு வருகிறவர்களுக்குத் துயரம் புதிது இல்லை. நாம் ஒளித்துவைப்பதால் குறைந்துவிடாது.”

அடுத்த தடை விரிவுரையாளரிடமிருந்து வந்தது. திட்ட வரைவைப் படித்துவிட்டு, என்னைப் பார்த்து, “உங்கள் பண்பாட்டில் அருமையான பூக்கள் இருக்கின்றனவே, மல்லிகை, தாமரை... அவற்றைச் சேர்க்கலாமே?” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். குழுவில் இருந்த சீனத் தோழியிடம் யாரும் பியோனி வைக்கச் சொல்லவில்லை என்பதையும் நான் கவனித்தேன். கோதுமைக்குப் பதில் நெற்கதிர் வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், ‘அப்ப வீடு’ என்ற பொருள் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். ஐரிஸுக்குப் பதில் தாமரை வைத்தால் வாள் போய்விடும். ஒரு மொழியில் எழுதியதை இன்னொரு மொழிக்குக் கொண்டுவரும்போது, கிடைக்காத சொல்லுக்கு மட்டுமே மாற்றுத் தேடுவோம். கிடைக்கும் சொல்லையும் சேர்த்து மாற்றினால் அது மொழிபெயர்ப்பு ஆகாது. அதையே எங்கள் விதியாக வைத்துக்கொண்டோம். கிடைக்கும் பூவை மாற்றுவதில்லை.

கிடைக்காத பூக்கள் இரண்டு: கொலம்பைன், வயலட். நாங்கள் விசாரித்த மொத்த விலைப் பூக்கடைகள் எதிலும் இரண்டும் இல்லை. கொலம்பைனுக்கு முதலில் சங்குப்பூவை நினைத்தோம். நிறம் சரி. ஆனால், பறித்த அன்றே சுருண்டுவிடும். பிறகு டெல்ஃபினியம் கிடைத்தது. அதுவும் கொலம்பைனும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டின் பூவுக்கும் பின்னால் கொம்புபோல ஒரு நீட்சி உண்டு. கொலம்பைன் என்ற பெயர் லத்தீனில் புறாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. டெல்ஃபினியம், கிரேக்கத்தில் டால்பினைக் குறிக்கும் சொல்லிலிருந்து. புறாவுக்குப் பதில் டால்பின். இரண்டுமே நச்சுத்தன்மை உடையவை என்பதால் தின்பண்டத் தட்டுகளிலிருந்து எட்டவே வைக்கவேண்டும்.

வயலட்டுக்குத்தான் நெடுநாள் அலைந்தோம். ஊதா நிறத்தில் பூங்காக்களில் எத்தனையோ பூக்கள் இருக்கின்றன. ஆனால், பொது இடத்துச் செடியில் பறிப்பது குற்றம் என்பது சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரியும். செடிகளின் பெயர்ப்பட்டியலில் தேடிக்கொண்டிருந்தபோது ‘பிலிப்பைன் வயலட்’ என்ற பெயர் கண்ணில் பட்டது. வயலட் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, பெயர் மட்டும்தான் அப்படி. அறிவியல் பெயர் பார்லேரியா கிரிஸ்டாட்டா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் அத்தையின் வீவக வீட்டு வாசலில், மாடிப்படிக்குப் பக்கத்தில், மூன்று தொட்டிகளில் அதுதான் பூத்துக்கொண்டிருக்கிறது. டிசம்பர் பூ!

என் விதிப்படியே அது உள்ளே வந்தது. ‘எங்கள் பண்பாட்டுப் பூ’ என்பதற்காக அல்ல. ஊதா நிறம், சிறிய உருவம், தரையில் உதிரும் இயல்பு. ஆனால், கிறிஸ்து பிறப்பு ஓவியத்தில் டிசம்பர் என்று பெயருள்ள பூ வந்து விழுவதை எண்ணி மகிழாமல் இருக்கவும் முடியவில்லை. ஏனென்றால், ஓவியத்தில் உள்ள எந்தப் பூவும் ஐரோப்பாவில் டிசம்பர் மாதத்தில் திறந்த வெளியில் பூக்காது. வயலட் வசந்தத் தொடக்கத்தில், ஐரிஸ் மே மாதவாக்கில், லில்லி கோடையில் பூக்கும். ஒரே ஜாடியில் ஒரே நாளில் அவை சேர்ந்து நிற்பது ஓவியத்தில் மட்டும்தான் நடக்கும். இறக்குமதிப் பூக்களை வாங்கும் நாம் அதை வாரந்தோறும் எண்ணிப் பார்க்காமலேயே செய்கிறோம்.

அத்தையிடம் நாற்பது பூ கேட்டேன். “நாற்பதா? செடியே மொட்டையாயிடும்டி! சரி, சனிக்கிழமை விடியக்காலையில வா. முதல் நாளே பறிச்சா வாடிப்போயிடும்,” என்றார்.

ஜாடியும் எதிர்பாராத இடத்திலிருந்தே வந்தது. அல்பரெல்லோ வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. சீனத் தோழியின் மாமா ஒரு காலத்தில் சீன மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். மூலிகை வைத்திருந்த நீல வெள்ளைப் பீங்கான் ஜாடி ஒன்று அவர் வீட்டில் இருந்தது. இடுப்புக் குறுகவில்லை, பொன்னிறமும் இல்லை. இருந்தாலும் அது உண்மையான மருந்து ஜாடி. “கீறல் விழக்கூடாது” என்ற நிபந்தனையோடு கொடுத்தார். அதனால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தலின் கழுத்தை வெட்டி ஜாடிக்குள் இறக்கி, அதற்குள் கோழிக்கம்பி வலையைச் சுருட்டி வைத்துத் தண்டுகளைச் செருகினோம். பூக்கடைகளில் பயன்படுத்தும் பச்சை நிற நுரைக்கட்டியை நாங்கள் தொடவில்லை. அது பிளாஸ்டிக், மக்காது, தூளாக உதிர்ந்து தண்ணீரில் கலக்கும். அதோடு, கண்ணாடிக் குவளைக்குள் அதை எங்கே ஒளிப்பது?

அந்தக் குவளையே ஒரு பாடம். ஒளி கண்ணாடியை உடைக்காமல் ஊடுருவுவதை மரியாளின் கன்னிமைக்கு உவமையாகச் சொல்வார்களாம். ஓவியர் எண்ணெய் வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, தண்ணீரையும் அதற்குள் தெரியும் தண்டுகளையும் காட்டியிருக்கிறார். ஆக, எங்கள் குவளையில் தண்ணீர் தெளிவாக இருந்தே ஆகவேண்டும். தண்ணீருக்குள் போகும் இலைகள் எல்லாவற்றையும் உருவிவிட்டோம். இலை அழுகினால் தண்ணீர் கலங்கும், பூவும் சீக்கிரம் வாடும்.

இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, பூக்களை வாங்கும் நாள்தான் பாதி வடிவமைப்பு. லில்லியைச் செவ்வாய்க்கிழமையே இறுகிய மொட்டாக வாங்கினோம். விரியச் சில நாள் எடுக்கும். ஐரிஸை வியாழக்கிழமை, நுனியில் நிறம் எட்டிப்பார்க்கும் நிலையில். நம் ஊர் வெப்பத்தில் விரிந்த ஐரிஸ் இரண்டு மூன்று நாள் தாங்கினாலே பெரிது. கார்னேஷன் உழைப்பாளி, எப்போது வாங்கினாலும் நிற்கும். ஒரே எதிரி பழம். பழுக்கும் வாழைப்பழமும் ஆப்பிளும் வெளிவிடும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ்கள் உள்நோக்கிச் சுருங்கிக்கொள்ளும். விடுதியின் பொதுக் குளிர்பதனப் பெட்டியில் இருந்த வாழைப்பழங்களை அவற்றின் உரிமையாளர்களிடம் கெஞ்சி வெளியேற்றினோம். லில்லியிலும் ஒரு தேர்வு இருக்கிறது. தாதிமை இல்லத்தில் கடும் வாசனையும் மகரந்தத் தூளும் கூடாது என்றார்கள். ‘ஓரியண்டல்’ வகை லில்லி அறை முழுவதும் மணக்கும். ‘ஏஷியாட்டிக்’ வகைக்குப் பெரும்பாலும் மணமே இல்லை, செம்மஞ்சள் நிறமும் அதில்தான் நன்றாகக் கிடைக்கும். மொட்டு விரிந்தவுடன், தூள் உதிரத் தொடங்குமுன், மகரந்தப் பைகளைக் கையால் கிள்ளி எடுத்துவிட்டால் மேசைத் துணியில் கறையும் படாது.

உயரம் இன்னொரு சிக்கல். எதிரில் இருப்பவரின் முகத்தை மறைக்கும் பூ மேசைக்கு ஆகாது. அதனால் மேசை நடுவில் வைக்கும் அமைப்பு 30 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்பார்கள். எங்கள் ஜாடியும் லில்லியும் சேர்ந்து 65 சென்டிமீட்டர். நடுவில் வைக்கவே முடியாது. குழுவில் பொறியியல் படிக்கும் மலாய் நண்பர்தான் வழி சொன்னார். நீளவாக்கில் இரு பக்கமும் மும்மூன்று பேர், ஒரு முனையில் பூக்கள், மறுமுனை வெற்றிடம். ஓவியத்திலும் பூக்கள் நடுவில் இல்லையே!

இதைச் சொன்னபோது “அவ்வளவுதானா?” என்று பலரும் கேட்டார்கள். இன்ஸ்டகிராமில் ‘மறுமலர்ச்சிக் கால மேசை’ என்று தேடினால் திராட்சைக் குலைகளும் மாதுளையும் மெழுகுவத்திகளும் வழிந்தோடும் பூக்குவியல்களும் வரும். அழகுதான். ஆனால், அந்த நிறைந்து வழியும் அழகு பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களுடையது. போர்ட்டினாரி ஓவியத்தின் அழகு வெற்றிடத்தில் இருக்கிறது. கூட்டத்துக்கு நடுவே வெறுந்தரை, அதில் குழந்தை, முன்னால் கைக்கு எட்டும் தூரத்தில் சில பூக்கள். அந்தத் தரை நிறத்துக்காக அரபு ஸ்திரீட்டில் தேடி வாங்கிய பழுப்புப் பருத்தித் துணிக்கு, பூக்களில் எதற்கும் கொடுக்காத அளவு பணம் கொடுத்தோம். மொத்தச் செலவு 138 வெள்ளி.

சனிக்கிழமை விடியற்காலையில் அத்தை எண்ணி நாற்பத்திரண்டு பூக்கள் கொடுத்தார். ஈரத் துணி விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கொண்டுபோய், விருந்தினர் வருவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் துணிமேல் தூவினோம். தூவுவது எளிதன்று. நான் தூவியது கோலப்புள்ளிபோல் ஒழுங்காக விழுந்தது. மலாய் நண்பர் கண்ணை மூடிக்கொண்டு தூவியதே நன்றாக இருந்தது.

வந்தவர்களில் பாதிப் பேர் பூக்களைப் பார்த்துவிட்டுப் பேச உட்கார்ந்துவிட்டார்கள். அப்படித்தான் இருக்கவேண்டும். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பாட்டி மட்டும் மேசையருகே நிறுத்தச் சொல்லி, “ஏம்மா, இது டிசம்பர் பூ தானே? இதைப் போய் இப்படிக் கீழே கொட்டி வச்சிருக்கீங்க. தொடுத்து வைக்கக் கூடாதா?” என்று கேட்டார். ஓவியத்தைக் கைப்பேசியில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “பிள்ளையையும் கீழேதான் போட்டிருக்கு,” என்று சொல்லிவிட்டு, ஐந்தாறு பூக்களை மடியில் எடுத்துக்கொண்டார்.

மனைவியைப் பார்க்க நாள்தோறும் வரும் முதியவர் ஒருவர் அட்டையைப் படித்தார். கார்னேஷன் ஏன் மூன்றே மூன்று என்று கேட்டார். தோழி என்னைப் பார்த்தார். பிறகு ஆணிகளைப் பற்றிச் சொன்னார், வாளைப் பற்றியும் சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எதுவும் சொல்லவில்லை. குவளையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தண்ணி லேசா கலங்கியிருக்கு,” என்று, பூக்களை இடக்கையில் பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். குவளையைக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, தண்டுகளைத் துடைத்து, இருந்ததுபோலவே வைத்தார். நாங்கள் நால்வரும் அவருக்கு வழிவிட்டு நின்றோம்.

மாலைக்குள் ஐரிஸின் ஓரங்கள் சுருளத் தொடங்கிவிட்டன. டெல்ஃபினியம் மறுநாளே இதழ் உதிர்த்ததாம். கார்னேஷன்களையும் குவளையையும் தாதியர் முகப்பில் வைத்துவிட்டு வந்தோம். ஒன்பது நாள் இருந்தன என்று பிறகு தகவல் அனுப்பினார்கள். கோதுமைக் கட்டு இப்போது எங்கள் விடுதி அறையில் இருக்கிறது. ஜாடியைத் திருப்பிக் கொடுத்தபோது தோழியின் மாமா உள்ளே டார்ச் விளக்கு அடித்துப் பார்த்தார். கீறல் இல்லை.